இரண்டே முக்கால் மணி ஆராதனை

டயர் கடைக்குப் பூட்டு மூன்று.
மூன்றாவது குளிரில் இறுகினால் திறக்காது,
லைட்டரால் சாவியைச் சுட வேண்டும்.
அதைச் செய்து காட்டிவிட்டுத்தான்
டுவேன் குச்சேரா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்.
வாடகை நானூறு டாலர். ஜனவரிக்குப் பாதி.
"கடவுளுக்காகக் குறைக்கவில்லை,
ஹீட்டர் சரியில்லை, அதற்காக."

நெப்ராஸ்காவின் இந்த ஊரில்
தானியக் கிடங்கு ஒன்று, இறைச்சி ஆலை ஒன்று,
ஒருவரோடொருவர் பேசாத லுத்தரன்கள் இரண்டு வகை,
கத்தோலிக்கர் ஒரு குன்று நிறைய.
ஆங்கிலிக்கன் என்றால் இன்சூரன்ஸ் கம்பெனியா
என்று கேட்டான் பெட்ரோல் பங்க் பையன்.
குருப்பட்டம் வாங்குமுன் பதினாறு வருஷம்
இன்சூரன்ஸில் இருந்தவள் நான்.
கோபம் வரவில்லை.

நானூறு துண்டுப்பிரசுரம் அச்சடித்தேன்.
ஞாயிறு காலை பத்து மணி. காபி உண்டு.

முதல் வாரம் டுவேன் வந்தார், ஹீட்டரைப் பார்க்க.
இரண்டாம் வாரம் ஒரு நாய்.
மூன்றாம் வாரம் நாயும் வரவில்லை.
பேராயர் அலுவலகத்து நீலப் படிவத்தில்
வருகை என்ற கட்டத்தில்
என்னையும் சேர்த்து எண்ணினேன்.
தனியாளாய்ப் பாவ அறிக்கை சொல்லிப் பாருங்கள்,
புத்தகம் முழுக்க நாங்கள், நாங்கள்.

சலவைக் கடையில்தான்
அக்குவொல் என் கழுத்துப்பட்டையைப் பார்த்தாள்.
எத்தனை வெளுத்தும் பழுப்பு போகாத
ஆலைச் சீருடையை மடித்தபடியே கேட்டாள்:
"பத்து மணிக்கு யார் விழித்திருப்பார்கள்?
எங்களை விடுவது இரவு ரெண்டே காலுக்கு.
ரெண்டே முக்காலுக்குத் திற."

திறப்பாயா என்று கேட்கவில்லை.
திற.

சனியா ஞாயிறா என்று தெரியாத வேளை.
சாவியைச் சுட்டுக்கொண்டிருந்தேன்,
இரண்டு வேன்கள் வெளிச்சத்தை என் முதுகில் அடித்தன.
பதினேழு பேர். தோள்களில் தூங்கும் பிள்ளைகளை
எண்ணலாமா என்று படிவத்தில் சொல்லவில்லை.
எண்ணிக்கொண்டேன். இருபத்திரண்டு.
மபியோர் தன் மத்தளத்தைத் தட்டிப் பார்த்தான், வார் தளர்ந்திருந்தது.
பின்கட்டில் கிடந்த பழைய ட்யூபை நாடாவாகக் கீறி
வரிந்து கட்டினான். சத்தம் எழும்பிற்று.
ரப்பர் வாசனையும்.

அக்குவொல் கையில் டிங்கா ஜெபப் புத்தகம்.
சிமெண்ட் சாக்குக் காகிதத்தில் அட்டை.
ஏதோ ஒரு ஆறு கடைசி நாற்பது பக்கங்களை
எடுத்துக்கொண்டிருந்தது.
பக்கங்கள் தீர்ந்த இடத்தில் அவர்கள் நிற்கவில்லை.
புத்தகத்தை மூடிவிட்டுச் சொன்னார்கள்,
நாற்பதையும்.
முழுப் புத்தகம் வைத்திருந்த நான்
எந்தப் பக்கம் என்று புரட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் தெரிந்தது, நான்கு வருஷமாய்
அவள் சமையலறையில் இது நடந்துவருகிறது.
முகாமில் அவள் உபதேசியார்.
யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

சபை தொடங்கிய தேதி என்றொரு கட்டம்.
அவளையே கேட்டேன்.
"எங்கிருந்து எண்ண?
சமையலறையிலிருந்தா? முகாமிலிருந்தா?
ஆறு கழுத்துவரை வந்தபோது
அம்மா சத்தமாய்ச் சொன்னாளே, அதிலிருந்தா?"
கொஞ்சம் யோசித்து,
"உனக்குச் சாவி கிடைத்த தேதியை எழுது,
அவர்களுக்கு அது போதும்" என்றாள்.
எழுதினேன். அடித்தேன்.
படிவம் இருமுறை திரும்பி வந்துவிட்டது.

எட்டு மணி நேரம் கத்தி பிடித்த கை
சொன்னவுடன் விரிவதில்லை.
என் பழைய சபையில் அப்பத்துக்குத்
தட்டையாக நீட்டுவார்கள்.
இங்கே ஒவ்வொரு கையும் குழிந்தே வருகிறது.
மபியோரின் உள்ளங்கையில் அப்பத்தை வைக்கிறேன்.
விரல்கள் தாமாக மூடிக்கொள்கின்றன.
மற்றக் கையால் ஒவ்வொன்றாய்ப் பிரிக்கிறான்.
நேரம் ஆகிறது.
வரிசை அசையாமல் நிற்கிறது.
வெளியே யாரோ
வேனை அணைக்காமல் விட்டிருக்கிறார்கள்.